கீழாநெல்லி: எந்தச் செடி, எந்தச் சாறு, எந்த நோய்?

மஞ்சள்காமாலை என்றதும் கீழாநெல்லி என்று சொல்ல நம் ஊரில் வைத்தியர் தேவையில்லை. மழைக்குப் பின் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைத்து நிற்கும் செடி. வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வைத்து விழுதாய் அரைத்து, மோரிலோ பாலிலோ கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம். எண்ணெய், தாளிப்பு எல்லாம் கண் வெளுக்கும் வரை கிடையாது.

இந்தச் செடிதான் 1988இல் உலகின் முன்னணி மருத்துவ இதழான லான்செட்டில் இடம்பிடித்தது. அதன் பிறகு பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதைக் காய்ச்சி, வடித்து, எலிக்குக் கொடுத்து, மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டன. ஆனாலும் ‘கீழாநெல்லி கேட்குமா?’ என்று கேட்டால் இன்றும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறதே என்பது ஒன்று. நிரூபணம் இல்லை என்பது மற்றொன்று. இரண்டு பதில்களும் அவசரப்பட்டவை. மூலிகைச் சோதனையில் கேள்வி ஒன்றல்ல, நான்கு: எந்தச் செடியை எடுத்தார்கள், அதிலிருந்து எந்த வடிவில் மருந்தை இறக்கினார்கள், எந்த நோய்க்குக் கொடுத்தார்கள், எதை அளந்து குணம் என்றார்கள்? இந்த நான்கையும் முன்னால் வைத்துக்கொண்டு படித்தால், கீழாநெல்லி ஆய்வுகளில் முரண்பாடாகத் தெரியும் பலவற்றுக்குக் காரணம் புரிந்துவிடும்.

காமாலை தானே இறங்கும் நோய்

முதலில் நோயைப் பார்ப்போம். மஞ்சள்காமாலை என்பது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களின் அடையாளம். ரத்தத்தில் பிலிரூபின் கூடினால் கண்ணும் தோலும் மஞ்சளிக்கும். அது கூடுவதற்கு ஹெபடைடிஸ் வைரஸ் காரணமாக இருக்கலாம். குடி, பித்தப்பைக் கல், மாத்திரைகளின் நச்சு, ரத்தச் சிவப்பணுக்கள் அளவுமீறி அழிவது, கணையப் புற்று ஆகியவையும் காரணமாகலாம். கல் அடைத்து வந்த காமாலைக்கும் கெட்ட தண்ணீர் குடித்து வந்த காமாலைக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்?

நம் ஊரில் அதிகம் காண்பது தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைகள். இவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். ஹெபடைடிஸ் பி ரத்தம் வழியாகவும், உடலுறவு வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றுவது. அதிலும் வயது வந்தபின் தொற்றியவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் வைரஸைத் தாங்களே விரட்டிவிடுகிறார்கள். பிறந்த கையோடு தொற்றிய குழந்தைகளில்தான் நிலைமை தலைகீழ். அவர்களில் 90 சதவீதம் பேரிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமாகவும் ஈரல் புற்றாகவும் வெளிப்படுவது இந்த நாள்பட்ட தொற்றுதான்.

இறங்கும் காமாலைக்கு எதைக் கொடுத்தாலும் இறங்கத்தான் செய்யும். கீழாநெல்லியைக் குடித்து மூன்று வாரத்தில் கண் வெளுத்தவர் சொல்வது பொய்யல்ல. குடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். திருவனந்தபுரம் மருத்துவர்கள் திடீரென வரும் குறுகியகால வைரஸ் காமாலைக்கு இச்செடியைக் கொடுத்துப் பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் செய்தது. கீழாநெல்லி எடுத்தவர்களுக்குக் காமாலை நீடித்த நாட்கள் குறிப்பிடும்படி குறையவில்லை.

சென்னையில் தொடங்கிய கதை

ஹெபடைடிஸ் பி விஷயத்தில் கதை சென்னையில் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் 1982இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தியாகராஜன் பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். கரிசலாங்கண்ணிச் சாற்றையும் கீழாநெல்லிச் சாற்றையும் வைரஸின் மேலுறைப் புரதத்தோடு சோதனைக் குழாயில் சேர்த்தபோது அப்புரதம் செயலிழந்தது என்பது அதன் சாரம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி’ என்று வருவது இந்த மேலுறைப் புரதம்தான்.

அந்தப் புரதத்தை முதலில் அடையாளம் கண்டு, அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க் இதில் ஆர்வம் கொண்டார். பிலடெல்பியாவின் பாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் வெங்கடேஸ்வரன், மில்மன் ஆகியோருடன் அவர் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. செடியின் நீர்ச்சாறு வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுத்தது. மேலுறைப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டது. அடுத்து, மனித வைரஸுக்கு நெருங்கிய உறவான வைரஸைச் சுமக்கும் வுட்சக் என்ற வட அமெரிக்க விலங்குக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாகத் தொற்றிய நான்கில் மூன்று விலங்குகளின் ரத்தத்திலிருந்து 3 முதல் 6 வாரங்களுக்குள் வைரஸின் அடையாளங்கள் மறைந்தன. 45 வாரங்களுக்கு மேலும் திரும்பவில்லை.

இந்த ஆய்வின் உள்விவரம் கவனிக்கத்தக்கது. வைரஸ் நாள்பட்டுத் தங்கிவிட்ட விலங்குகளில் ஒரு பிரிவுக்குச் சாற்றைத் தோலுக்கடியில் 12 வாரம் செலுத்தினார்கள். பலனில்லை. வயிற்று அறைக்குள் ஊசியாகச் செலுத்திய பிறகுதான் ஐந்தில் இரண்டில் புரத அளவு இறங்கியது. ஆக, பலன் செடியை மட்டும் பொறுத்ததாக இல்லை. தொற்று புதியதா பழையதா என்பதும், சாறு எந்த வழியாக உடலுக்குள் போனது என்பதும் முடிவை மாற்றின. நாமோ வாய்வழியாகக் குடிக்கிறோம். குடித்தது குடலைத் தாண்ட வேண்டும், ஈரலின் முதல் வடிகட்டலிலும் தப்ப வேண்டும். ‘விலங்கில் நிரூபணம்’ என்ற வரியில் இந்த விவரம் அடிபட்டுப்போகும்.

22 பேரும் ஒருவரும்

1988இன் லான்செட் கட்டுரை தியாகராஜன், புளூம்பெர்க் குழுக்களின் கூட்டுப் படைப்பு. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாட்கள் செடியின் பொடியைக் கொடுத்தார்கள். தினம் மூன்று வேளை, வேளைக்கு 200 மில்லிகிராம். மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களில் ரத்தத்தைச் சோதித்தபோது, மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 சதவீதத்தினரிடம், மேலுறைப் புரதம் இல்லை. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது. சிலரை 9 மாதம் வரை தொடர்ந்து பார்த்தும் அது திரும்பவில்லை.

இந்தப் புரதம் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவரிடம் தானாக மறைவதே அபூர்வம். இன்றைய விலையுயர்ந்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள்கூட வைரஸை அடக்கி வைக்கின்றனவே தவிர இப்புரதத்தை இவ்வளவு பேரிடம் அகற்றுவதில்லை. ஆகவே உலகமே திரும்பிப் பார்த்தது நியாயம்தான். ஆனால் ஆய்வாளர்களே இதை ‘முதற்கட்ட ஆய்வு’ என்றுதான் சொன்னார்கள். முடிவுக் கணக்கில் இரு குழுக்களுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருந்தது. 60 பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை. ஒரே மையத்தின் ஒரு முடிவு மற்ற இடங்களிலும் வந்தால்தான் நிலைக்கும்.

மற்ற இடங்களில் வரவில்லை. 1990இல் தாய்லாந்து மருத்துவர்கள் அதே லான்செட்டில் தோல்வியைப் பதிவுசெய்தார்கள். 1991இல் நெதர்லாந்து, 1994இல் நியூசிலாந்து என அடுத்தடுத்த ஆய்வுகளிலும் புரதம் மறையவில்லை. சீனாவில் 123 நோயாளிகளை வைத்து 1995இல் வெளிவந்த ஆய்வு இவற்றில் கூர்மையானது. வெவ்வேறு நிலங்களில் விளைந்த மூன்று செடிகளை அது ஒப்பிட்டது. ஹைனான் தீவின் ஒரு வகை, ஹெனான் மாநிலத்தின் ஒரு வகை, தியாகராஜனே கொடுத்தனுப்பிய இந்தியக் கீழாநெல்லி. மூன்றிலும் மேலுறைப் புரதம் மறையவில்லை. ஹெனான் செடி எடுத்தவர்களிடம் மட்டும், வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் ‘இ’ புரதம் கூடுதலானோரிடம் மறைந்தது. இந்தியச் செடியைப் பெற்றவர்கள் 11 பேர்தான் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் செடி மாறியதால்தான் வெளிநாடுகளில் கேட்கவில்லை என்ற சமாதானம் அதோடு வலுவிழந்தது.

2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, கீழாநெல்லிப் பேரினச் செடிகளை நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்குக் கொடுத்த 16 ஆய்வுகளை, மொத்தம் 1,326 நோயாளிகளை, ஒன்றாக எடைபோட்டது. போலி மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு அவற்றில் ஒன்றே ஒன்று. அதில் நம்பத்தகுந்த வேறுபாடு தெரியவில்லை. மற்றவை வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு செடியையும் சேர்த்துக் கொடுத்தவை. அவற்றில் சில நல்ல அறிகுறிகள் இருந்தாலும் ஆய்வுமுறை பலவீனமாக இருந்ததால் முடிவை நம்பிப் பரிந்துரைக்க முடியாது என்று அந்த மதிப்பாய்வு சொன்னது.

எந்தச் செடி?

இத்தனை ஆய்வுகளையும் குழப்பிய முதல் சிக்கல் செடியின் அடையாளம். 1982, 1987 கட்டுரைகளில் செடிக்குப் ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்று பெயர். 1988இல் அது ‘பில்லாந்தஸ் அமரஸ்’. செடி மாறவில்லை, அடையாளம்தான் திருத்தப்பட்டது. நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியத் தாவர நூல்கள் நிரூரி என்று எழுதிவந்தது அமரஸ், பிரடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்பதை 1985இல் மித்ரா, ஜெயின் என்ற தாவரவியலாளர்கள் தெளிவுபடுத்தினார்கள். பிரேசிலில் சிறுநீரகக் கல்லுக்குக் குடிக்கும் நிரூரியின் ஆய்வு முடிவை நம் வரப்புச் செடியின் பெருமையாக எடுத்து எழுதும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

களத்தில் இவற்றைப் பிரித்தறிய நல்ல கண் வேண்டும். எல்லாவற்றிலும் இலைக்காம்பின் கீழே கடுகளவுக் காய்கள் வரிசையாகத் தொங்கும். அமரஸின் பூவில் இதழ்போன்ற பகுதிகள் ஐந்து, பிரடெர்னஸில் ஆறு. பூவோ மில்லிமீட்டர் அளவு, கைலென்ஸ் இல்லாமல் எண்ண முடியாது. அமரஸின் விதையில் கோடுகள் நீளவாக்கில் ஓடும், யூரினேரியா என்ற இனத்தில் குறுக்குவாக்கில் ஓடும். அதன் காயும் சொரசொரப்பாக இருக்கும். செடி காய்ந்து கட்டாகி நாட்டுமருந்துக் கடைக்கு வந்த பிறகு இந்த அடையாளங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும்.

தென்னிந்தியக் கடைகளில் வாங்கிய சரக்கை மரபணு முறையில் சோதித்து 2010இல் வெளிவந்த ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. 76 சதவீத மாதிரிகளில் அமரஸ் பிரதானமாக இருந்தது. மீதி 24 சதவீதத்தில் மேலாநெல்லி உள்ளிட்ட வேறு ஐந்து இனங்கள் இருந்தன. நாலில் ஒரு பொட்டலத்தில் வேறு செடி என்றால், குணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எதைக் கணக்கில் எழுதுவது? ஆய்வுக்குச் செடி எடுப்பவர் அதன் உலர்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட தாவரக் காப்பகத்தில் பதிவெண்ணோடு வைக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான்.

எந்தச் சாறு?

இரண்டாவது சிக்கல் சாறு. ஆய்வுக்கூடத்தில் செடியை நிழலில் உலர்த்திப் பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் வைத்து, கரைப்பானைச் சூடாக்கித் திரும்பத் திரும்ப வடிப்பார்கள். பிறகு கரைப்பானை ஆவியாக்கினால் தார்போன்ற பிசுபிசுப்பு மிஞ்சும். அதுதான் ‘எக்ஸ்ட்ராக்ட்’. எந்தக் கரைப்பானில் வடித்தோம் என்பதைப் பொறுத்து அதன் உள்ளடக்கம் மாறும். கீழாநெல்லியின் கசப்புப் பொருளான பில்லாந்தின், அதன் துணையான ஹைப்போபில்லாந்தின் ஆகியவை லிக்னான் வகை. 1946இலேயே இந்திய வேதியியலாளர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சேஷாத்ரியும் இவற்றை ஆராய்ந்து எழுதினார்கள். இவை ஹெக்சேன், மெத்தனால் போன்றவற்றில் நன்றாக இறங்கும், தண்ணீரில் மிகக் குறைவாகவே இறங்கும். தண்ணீரில் இறங்குபவை ஜெரானின், கோரிலாஜின் முதலிய டானின்கள். ஆக, நீர்ச்சாறும் மெத்தனால் சாறும் ஒரே செடியிலிருந்து வந்த இரண்டு வேறு மருந்துகள். மோரில் கலக்கிய பச்சை விழுது மூன்றாவது மருந்து.

டானின்கள் சோதனையாளரை ஏமாற்றவும் வல்லவை. கடுக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிப்பது டானின் உமிழ்நீர்ப் புரதத்தோடு ஒட்டுவதால்தான். அதே குணத்தால் அது சோதனைக் குழாயில் எந்த நொதியையும், எந்த மேலுறைப் புரதத்தையும் முடக்கிக் காட்டலாம். அங்கே வைரஸ் அடங்கியது என்ற முடிவைப் படிக்கும்போது, டானினை நீக்கிய பின்னும் பலன் நின்றதா என்று கேட்பது அவசியம். இதற்கு மாறாக, நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1990களின் நடுவில் தியாகராஜனோடு சேர்ந்து செய்த உயிரணுச் சோதனைகள், வைரஸின் மரபணு படியெடுக்கப்படுவதையே சாறு குறைக்கிறது என்று காட்டின. இது வெறும் ஒட்டலைவிட ஆழமான தடயம். உடலுக்குள் போதிய அளவு போய்ச் சேருமா என்பதுதான் மிச்சக் கேள்வி. எலிக்கு வாய்வழி கொடுத்த பில்லாந்தினில் ரத்தத்தை எட்டியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

எலியின் ஈரலும் மனிதனின் ஈரலும்

ஹெபடைடிஸ் பி கதை தளர்ந்த பின் ஆய்வுகளின் பெரும்பகுதி ‘ஈரல் பாதுகாப்பு’ என்ற பக்கம் திரும்பியது. முறை எளிது. ஒரு குழு எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு அல்லது அதிக அளவு பாராசிட்டமால் கொடுத்து ஈரலைக் கெடுப்பார்கள். மற்றொரு குழுவுக்கு அதே நச்சோடு சாறும் கொடுப்பார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒப்பீட்டு மருந்தாகச் சிலிமாரின் என்ற ஈரல் மருந்து. பிறகு ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற ஈரல் நொதிகளின் அளவுகளையும், நுண்ணோக்கியில் ஈரல் சீவலையும் பார்ப்பார்கள். இந்த வகையில் கீழாநெல்லி திரும்பத் திரும்ப நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது. இதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான ஆய்வுகளில் சாற்றை நச்சுக்கு முன்பே பல நாட்கள் கொடுக்கிறார்கள். காமாலைக்காரர் ஈரல் கெட்ட பிறகுதான் வருகிறார். அளவும் சிந்திக்க வேண்டியது. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு என்பது வழக்கமான அளவு. எலி அளவை மனித அளவாக்க 6.2ஆல் வகுக்க வேண்டும். வந்தது கிலோவுக்குச் சுமார் 32 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் சாறு. உலர்ந்த செடியில் பத்து சதவீதம் சாறு தேறும் என்று வைத்துக்கொண்டால் தினம் 19 கிராம் உலர்செடி வேண்டும். லான்செட் ஆய்வில் கொடுத்தது 0.6 கிராம். முப்பது மடங்கு வேறுபாடு. எலிக்குக் கேட்ட அளவை லான்செட் ஆய்வு மனிதருக்குக் கொடுக்கவில்லை என்றும் இதைப் படிக்கலாம், கடையில் விற்கும் கேப்சூலுக்கு எலி ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது என்றும் படிக்கலாம். இரண்டும் சரியே.

தீங்கு எங்கே?

வழக்கமான அளவில் கீழாநெல்லி நேரடி நச்சு என்று சொல்ல ஆதாரமில்லை. லான்செட் ஆய்விலும் பக்கவிளைவு மிகக் குறைவு. எச்சரிக்கை வேண்டிய இடங்கள் இரண்டு. ஈரலில் பல மாத்திரைகளைச் சிதைக்கும் சிப் 3ஏ4 என்ற நொதியை இச்செடியின் லிக்னான்கள் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. தினமும் வேறு மாத்திரைகள் எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதைச் சேர்த்துக்கொள்வது சரியல்ல.

இரண்டாவதும் பெரியதுமான தீங்கு, இழந்துபோகும் காலம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோடு வாழ்ந்தவர்கள் 2.98 கோடி பேர். பெரும்பாலோருக்கு அது தெரியாது. டெனோபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி ஈரல் சுருக்கத்தைத் தள்ளிப்போடுகின்றன. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசி தொற்றையே தடுக்கிறது. கண் வெளுத்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பவருக்குக் காமாலை போயிருக்கும், வைரஸ் போயிருக்காது.

இனி என்ன சோதிக்க வேண்டும்?

மூலிகைச் சோதனை வெல்லாது என்பதல்ல முடிவு. சீனாவின் தூ யூயூ, மாசிப்பச்சை இனச் செடியொன்றில் மலேரியா மருந்தைத் தேடியபோது சூடான வடிப்பில் பலன் நிலையில்லாமல் இருந்தது. குளிர்நீரில் ஊறவைக்கச் சொல்லும் பழைய நூல் குறிப்பைப் பார்த்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் வடித்தார். ஆர்ட்டிமிசினின் பிறந்தது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. அங்கே செடியின் இனம், வடிக்கும் முறை, நோய், அளக்கும் குறி நான்கும் ஒவ்வொன்றாக இறுக்கப்பட்டன. கீழாநெல்லியில் நான்கும் ஒரே நேரத்தில் தளர்ந்து கிடந்தன.

இன்றைய நிலையில் சொல்லக்கூடியது இதுதான். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி வைரஸைக் கீழாநெல்லி அகற்றும் என்ற கருத்து சோதிக்கப்பட்டு நிலைக்கவில்லை. தானே இறங்கும் காமாலையை அது விரைவுபடுத்தும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை. நச்சால் கெடும் ஈரலுக்கு அது துணைநிற்குமா என்பது திறந்திருக்கும் கேள்வி. இதைத் தீர்க்க நூற்றியோராவது எலி ஆய்வு உதவாது. பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் எலிச் சோதனைகளுக்கான பணத்தை ஒன்றுதிரட்டினால் ஒழுங்கான மனித ஆய்வு ஒன்றை நடத்திவிடலாம்.

அந்த ஆய்வுக்கு வேண்டியவை தெளிவானவை. மரபணுவால் உறுதிசெய்த அமரஸ் செடி, பில்லாந்தின் அளவும் டானின் அளவும் ஒவ்வொரு தொகுப்பிலும் அளந்து நிர்ணயித்த சாறு, சித்த மருத்துவர்கள் உண்மையில் கொடுக்கும் அளவையும் அனுபானத்தையும் ஒட்டிய ஒரு குழு, கசப்பிலும் நிறத்திலும் வேறுபாடு தெரியாத போலி மருந்து, தொடங்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எழுதிவைத்த முடிவுக் குறி, குறைந்தது ஓராண்டுத் தொடர்கண்காணிப்பு. காசநோய் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்படும் நோயாளிகள் இதற்குப் பொருத்தமான குழு. அவர்களுக்கு நச்சு எப்போது தொடங்கும் என்று முன்கூட்டியே தெரியும் என்பதால், எலி ஆய்வு காட்டிய முன்காப்பை மனிதரிடம் நேராகச் சோதிக்க வழி இருக்கிறது. விடை ‘ஆம்’ என்று வந்தால் மலிவான துணைமருந்து ஒன்று கிடைக்கும். ‘இல்லை’ என்று வந்தால் மருத்துவரிடம் போகாமல் வீட்டில் விழுது அரைத்துக் காத்திருப்பவர்களிடம் அதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.